அவரின்ரை நம்பரைப் போடுங்கோ

ஒரே வயிற்றில் பிறந்தும் எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே இரத்தம் இல்லையே என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் தெரியாது. கடவுளைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. அம்மா சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவடியில் நிலத்தில் குந்தியிருந்து கைகூப்பி அம்மாளாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தங்கச்சிக்கு எட்டாம் மாதம். பிள்ளையின் நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறது, படுத்தே இருக்கவேண்டும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். கணவர் கட்டாரில் வேலை என்பதால் அவள் அளவெட்டியில் எங்களோடுதான் இருந்தாள். அன்று காலை முகம் கழுவப் போனவள் கிணற்றடியில் நின்றபடி "அக்கா" என்று ஒருமுறைதான் கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே விளங்கிவிட்டது. அப்பா வீட்டில் இல்லை, நானும் அம்மாவும் அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை அவளுடைய கையை நான் விடவில்லை. வீட்டில் போடும் சோட்டியோடேயே வந்திருக்கிறேன், கால்களில் இரண்டு செருப்பும் வேறு வேறு சோடி. அதை ஆஸ்பத்திரியில்தான் கண்டேன்.

வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை, சிறிது, மூச்சு இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கொண்டுபோனார்கள். ஆனால் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. வெளியே வந்த டொக்டரின் அங்கி முன்பக்கத்தை நான் பார்க்காமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓ நெகட்டிவ். இருந்ததெல்லாம் ஏத்தியாச்சு. வெளி மாவட்டத்திலையிருந்து வருகுது, ஆனால் வந்து சேர நேரம் செல்லும். தெரிஞ்ச ஆரும் இருந்தால் உடனை கூப்பிடுங்கோ."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவசரத்துக்கு இரத்தம் கொடுக்கும் ஆட்களைத் தேடுவதற்கென்றே எங்கள் பகுதிக்கு ஒரு இணையத்தளம் இருக்கிறது. அதைச் செய்தவளே நான்தான்.

எனக்குத் தொழில் அதுதான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து இணையத்தளம் எழுதுகிறேன். போன வருடம் எங்கள் சனசமூக நிலையம் பெரியதொரு இரத்ததான முகாம் வைத்தது. பண்டத்தரிப்பு, சுற்றுவட்டாரம் எல்லாவற்றிலுமிருந்து சனம் வந்தது. வருகிறவர்களின் விபரத்தை அங்கேயே பதிந்து வைத்தால் பிறகு உதவும் என்று நிலையத்தின் தலைவர் என்னிடம் வந்தார். ஹாட்வெயர் கடை வைத்திருக்கிறவர், நல்ல மனிதர், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள். அவருக்கு இரண்டு நிபந்தனை இருந்தது. ஒன்று, அடையாள அட்டை இலக்கம் கேட்கக்கூடாது. எங்களுடைய சனம் எத்தனை தரம் வரிசையில் நின்று அந்த இலக்கத்தை யார் யாருக்கோ எழுதிக் கொடுத்த சனம், இனியும் கேட்டால் இரத்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் போய்விடும் என்றார். அதில் எனக்கும் மறுபேச்சு இருக்கவில்லை. அப்படியானால் ஒருவரை மற்றவரிலிருந்து எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டேன். போன் நம்பர் எல்லாரிடமும் இருக்கிறதுதானே, அதை வை என்றார். வைத்தேன்.

இரண்டாவது, 'சேவ்' பொத்தான் இருக்கக்கூடாது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத காலம் அது. பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது போனால் அடித்ததெல்லாம் போய்விடும். அதனால் பெட்டிகளைப் பதிவோடு நேரே பிணைத்தேன். எங்கள் தொழிலில் அது அன்றாட வேலை. திரையில் இருக்கும் பெயர்ப் பெட்டி, வயதுப் பெட்டி, இரத்தக் குறூப் பெட்டி ஒவ்வொன்றும் உள்ளே சேமித்திருக்கும் பதிவோடு கட்டப்பட்டிருக்கும், ஆட்டையும் கட்டையையும் கயிற்றால் கட்டியதுபோல. பெட்டியில் ஒரு எழுத்தை மாற்றினால் அந்த நொடியே பதிவிலும் மாறும். போன் நம்பரை அடித்தால் அந்த நம்பருக்குரிய பதிவு வந்து எல்லாப் பெட்டியையும் தானே நிரப்பும். தலைவருக்கு அதைக் காட்டியபோது வாயெல்லாம் பல். நானும் பெரிய வித்தைக்காரி மாதிரித்தான் நின்றேன்.

இப்போது விறாந்தையில் நின்று கைத்தொலைபேசியில் அதைத் திறந்து 'ஓ நெகட்டிவ்' என்று தேடினேன். விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் வந்தன. முதல் ஆளின் போன் வேலை செய்யவில்லை. அடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், தாய்தான் எடுத்தார். இன்னொருவர் காங்கேசன்துறைப் பக்கம், போன மாதம்தான் கொடுத்தவர், இப்போதைக்குக் கொடுக்க முடியாது என்று அழாக்குறையாகச் சொன்னார். கடைசி ஆள் எடுக்கவேயில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அந்த மணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதைப்போல ஒரு கொடுமை இல்லை.

பட்டியல் முடிந்துவிட்டது. கதவு திறந்தது, ஒரு நேர்ஸ் ஓடினா, கதவு மூடியது. அம்மா என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வந்த பெயர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அன்றைக்கு முகாமில் பெண்கள்தான் கூடுதலாக நின்றார்கள், என் கண்ணாலேயே கண்டேன். அப்போது கலியாணம் கட்டியிராத தங்கச்சியும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து, தன்னைப்போல இன்னொருத்தியும் இருக்கிறாள், பண்டத்தரிப்பாம், இரண்டு பேருக்கும் ஒரே குறூப் என்று பெரிய சொந்தம் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள். அந்தப் பண்டத்தரிப்புக்காரி எங்கே? அதை விடு, தங்கச்சியே எங்கே? அவளும் ஓ நெகட்டிவ்தானே, அவளுடைய பெயராவது வந்திருக்க வேண்டுமே.

எனக்கு மட்டும் திறக்கும் பின்பக்கத்துக்குள் போய்ப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆண், ஆண், ஆண். ஆண்கள் இல்லாத வீட்டுப் பெண்கள் மட்டும் அங்கங்கே இருந்தார்கள். பிறகு ஒரு பதிவு. ஒரு ஆணின் பெயர், வயது நாற்பதுக்கு மேல், பி பொசிட்டிவ். கீழே, கடைசியாகப் பிள்ளை பெற்றது எப்போது என்று பெண்களிடம் மட்டும் கேட்கும் பெட்டியில் ஒரு திகதி.

கோதாரி. ஒரு ஆம்பிளை பிள்ளை பெற்றிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அம்மா விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சிரிப்பு முடிவதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெளி ஆட்களிடம் தன் நம்பரைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் யார் யாரோ எடுப்பார்கள், பிறகு தேவையில்லாத கதை வரும். பதிவு மேசையில் நம்பர் கேட்டால் கலியாணம் கட்டியவர்கள் "அவரின்ரை நம்பரைப் போடுங்கோ" என்பார்கள், கட்டாதவர்கள் அப்பாவின் நம்பரைச் சொல்வார்கள். அதில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. முகாமன்று தலைவர் வாசலில் நின்று, பொம்பிளையளை முதலில் விடுங்கோ, அவையள் வீட்டை போய்ச் சமைக்கவேணும் என்று மரியாதையாக ஆண்களை மறித்து வைத்திருந்தார். பெண்கள் முதலில் பதிந்தார்கள். பிறகு அதே வீட்டு ஆண்கள் வந்து அதே நம்பரைச் சொன்னார்கள். அடித்ததும் மனைவியின் பதிவு வந்து பெட்டிகளை நிரப்பியது. மேசையில் இருந்து பதிந்துகொண்டிருந்த ரீச்சர்மார், முன்னுக்கு வந்த ஆளின் விபரம் இன்னும் போகாமல் நிற்கிறது என்று நினைத்து அதை அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். அழித்தது பெட்டியை அல்ல, பதிவை. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான் மிஞ்சினார், கடைசியாக வந்த ஆம்பிளை. பிள்ளைப்பேற்றுத் திகதியை மட்டும் ஒருவரும் அழிக்கவில்லை, ஆண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்பாவின் நம்பரை அடித்துப் பார்த்தேன். அப்பாவின் பெயர் வந்தது. தங்கச்சி இருந்த இடத்தில் அப்பா இருந்தார்.

நின்று அழ நேரம் இல்லை. பிள்ளை பெற்ற ஆண்கள் எல்லாரையும் எடுத்துக்கொடு என்று தேடினேன். கலியாணம் கட்டாத பெட்டைகள் ஒரு தடமும் இல்லாமல் போய்விட்டார்கள், அவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மற்றவர்களில் பண்டத்தரிப்பு என்று இருந்தவர்களை மட்டும் எடுத்து அடிக்கத் தொடங்கினேன். யாருடைய மனைவிக்கு என்ன குறூப் என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொருவரையும் கேட்கத்தான் வேண்டும்.

ஒருவர், மனைவி குசினியில் நிற்கிறா, என்ன விசயம் என்றாலும் தன்னிடம் சொல்லலாம் என்றார். குறூப் என்ன என்று கேட்டேன். அவவுக்கு நல்ல இரத்தம் என்றார். நல்ல இரத்தமாம்! மற்றவர் நான் யாருடைய மகள், அளவெட்டியில் எந்தப் பக்கம், என்னுடைய அம்மாவின் ஊர் எது என்பதெல்லாம் கேட்டு அறிந்தபிறகுதான் மனைவியைக் கூப்பிட்டார். ஏ பொசிட்டிவ். இன்னொருவர், தன் மனைவியைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று சண்டைக்கு வந்தார். அவரோடு நானும் சண்டை பிடித்தேன், வேறு நாளென்றால் இன்னும் பிடித்திருப்பேன். போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே போனது. கதவு திரும்பவும் திறந்தது. டொக்டர் வரவில்லை, தலையை மட்டும் நீட்டி, கிடைச்சுதோ என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த நம்பரை அடித்தேன். மோட்டர் ஓடுகிற சத்தம், தண்ணீர் இறைக்கிறார்கள் போல. ஒரு ஆண் குரல் எடுத்தது. இந்தத் தடவை நான் அறிமுகம் ஒன்றும் செய்யவில்லை.

"அண்ணை, உங்கடை மனிசிக்கு என்ன இரத்தம் எண்டு தெரியுமோ?"

அவர் மோட்டரை நிற்பாட்டினார். இவரும் கேள்வி கேட்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓ நெகட்டிவ். மூத்தது பிறக்கேக்கை நானும் உப்பிடித்தான் ஊரெல்லாம் அலைஞ்சனான். எந்த ஆஸ்பத்திரி, பிள்ளை?"

சொன்னேன். மனிசி வெங்காயத் தோட்டத்துக்குள் நிற்கிறா, கூட்டிக்கொண்டு வாறன், நிண்டுகொள்ளுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாசலில் போய் நின்றேன். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு தூரம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ தரம் போன பாதை. அன்றைக்கு அந்தப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு சந்தியையும், ஒவ்வொரு பள்ளத்தையும் மனதுக்குள் வைத்து அந்த மோட்டார் சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு வந்தேன். ரயில் கடவை மூடியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்போதுதான் நானும் அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன். கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தங்கச்சி செத்துப்போவாள் என்று முதல்முறையாக முழுசாக நினைத்தேன். சின்ன வயதில் நான் அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்ததெல்லாம் நினைவு வந்தது.

வந்தார்கள். அவருக்குப் பின்னால் அவ, என்னைவிட வயது குறைவு, கணுக்கால்வரை செம்மண். உடுப்பு மாற்றக்கூட நிற்கவில்லை. வாசல் பைப்பில் கையையும் காலையும் கழுவிவிட்டு, "எங்கை போகவேணும் அக்கா?" என்று மட்டும் கேட்டா. சாப்பிடாமல் வந்திருக்கிறா என்று கன்ரீனில் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். அவசரத்தில் பாதித் தேத்தண்ணியை நான்தான் நிலத்தில் ஊற்றினேன். இரத்தவங்கியில் விபரம் எழுதினார்கள். போன் நம்பர் கேட்டபோது பின்னால் நின்ற கணவர் தன்னுடையதைச் சொன்னார். அவ கையை நீட்டிப் படுத்தா. அம்மா கூப்பிடுகிறார் என்று யாரோ சொல்ல நான் கதவடிக்கு ஓடிவிட்டேன்.

அந்த ஒரு பை இரத்தத்தோடுதான் வெளி மாவட்ட வாகனம் வரும்வரை தங்கச்சியை இழுத்துப் பிடித்தோம் என்று டொக்டர் பிற்பாடு சொன்னார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. இனி அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆள் இருக்கிறாள். நான் திரும்பி இரத்தவங்கிக்குப் போனபோது அவர்கள் போய்விட்டார்கள், வெங்காயத்துக்குத் தண்ணீர் பாதியில் நின்றதாம்.

வார்டில் தங்கச்சிக்கு வாய் திறக்கத் தெம்பு வந்ததும் முதலில் பிள்ளையைக் கேட்டாள், பெட்டிக்குள் சுகமாக இருக்கிறாள் என்றேன். பிறகு, ஆர் தந்தது என்று கேட்டாள். எனக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை. கணவரின் பெயர் தெரியும், வயது தெரியும், அவர் பி பொசிட்டிவ் என்பதும் தெரியும். அவ எப்போது பிள்ளை பெற்றா என்பதும் தெரியும். பெயர் தெரியாது.

வார்டில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் அந்தத் தளத்தைப் பிரித்து மீண்டும் எழுதினேன். போன் நம்பரை வைத்து ஆளைப் பிரிக்கும் வேலையை விட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் தனி இலக்கம் தானாகவே விழும். பெட்டிக்கும் பதிவுக்கும் இருந்த கயிற்றை அறுத்து நடுவில் 'சேவ்' பொத்தானை வைத்தேன். கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று தலைவர் போனில் கேட்டார். போகட்டும், திரும்ப அடிப்போம் என்றேன்.

பிறகு வீடு வீடாகப் போன் எடுத்தேன். பண்டத்தரிப்புக்குத்தான் முதலில். அவர்தான் எடுத்தார். தங்கச்சியைச் சுகம் விசாரித்தார், பிள்ளையை விசாரித்தார். மனைவியைத் தனியாகப் பதியவேண்டும், அவவுடைய நம்பர் வேண்டும் என்றேன். என்னத்துக்கு, என்ரை நம்பரிலை எடுங்கோ, எப்ப எண்டாலும் நான் கூட்டிக்கொண்டு வருவன்தானே என்றார். வருவார். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அன்றைக்கு வந்த மனிதர்தானே. அவரோடு எப்படிக் கோபிப்பது?

"அண்டைக்கு நீங்கள் போனை எடுக்காமல் விட்டிருந்தால், அண்ணை?" என்று கேட்டேன்.

போன் கை மாறியது. அவதான். முதலில் தன் பெயரைச் சொன்னா, பிறகு நம்பரை. பெயரை இங்கே எழுதமாட்டேன், அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இனி நாலு மாதம் கழித்துத்தான் கொடுக்கலாமாம் என்று சொல்லிவிட்டு, "பேந்து எடுங்கோ அக்கா, வாறன்" என்றா.

அதே வேகத்தில் தங்கச்சிக்கும் புதிதாக ஒரு பதிவு திறந்தேன். பெயர் அடித்தேன். வயது, ஊர், ஓ நெகட்டிவ். நம்பர் பெட்டிக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. பாதியில்தான் கண்டேன், நான் அடித்துக்கொண்டிருப்பது அப்பாவின் நம்பர். அது எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி, எங்கே கேட்டாலும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதுதான். தங்கச்சியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. என் போனில் அவளுடைய பெயர்தான் இருக்கிறது, பெயரைத் தட்டினால் மணி அடிக்கும், இலக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அடித்ததை அழித்துவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். முழித்துத்தான் இருந்தாள்.

"உன்ரை நம்பர் என்ன?" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். நான் அடித்தேன்.